டிமென்ஷியா உள்ளவங்களைப் பாத்துக்க வெளியாள் உதவி: எப்போ கேக்கணும், எங்க தேடணும், வந்தவங்களை எப்படி வச்சுக்கணும்

வீட்ல பெரியவங்க ஒருத்தருக்கு டிமென்ஷியா, அதாவது மறதி நோய்னு டாக்டர் சொன்ன உடனே எல்லாரும் மாத்திரையைப் பத்தி, ஸ்கேனைப் பத்தி, பரம்பரையா வருமாங்கறதைப் பத்திதான் பேசுவாங்க. இவங்களை யார் பாத்துக்கறது, எத்தனை வருஷம் பாத்துக்கறதுன்னு மட்டும் யாரும் உக்காந்து பேசமாட்டாங்க, அது தானாவே வீட்ல இருக்கற மகளோ மருமகளோ யாராவது ஒருத்தர் தலையில போய் விழுந்துடும், பெரும்பாலும் பொம்பளைங்க தலையிலதான். எங்க வீட்ல என் மாமியாரை, நான் அத்தைன்னுதான் கூப்பிடுவேன், திருச்சியில எங்ககூட வச்சுப் பாத்துக்கறோம், அந்த அனுபவத்துலயும் இதே மாதிரி இருக்கற நிறைய குடும்பங்களோட பேசினதுலயும் தெரிஞ்சதைத்தான் இங்க எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், மத்ததெல்லாம் அதுலேர்ந்துதான் வருது. வெளியாள் உதவின்னாலே 24 மணி நேரமும் வீட்லயே தங்கற ஆளுன்னு நினைச்சுக்கறோம். அப்படி ஏஜென்சி மூலமா ஆள் போட்டா பெரிய ஊர்கள்ல மாசம் 20,000 ரூபாயைத் தாண்டுறது சாதாரணம், அதைக் கேட்டதும் நமக்குக் கட்டுப்படி ஆகாதுப்பான்னு அந்தப் பேச்சையே விட்டுடறோம். ஆனா நமக்கு வேண்டியது முழு நாளுக்கும் ஆள் இல்ல, நாள்ல எந்த ரெண்டு மணி நேரம், எந்த மூணு மணி நேரம் நம்மளை உடைச்சுப் போடுதோ அந்த நேரத்துக்கு ஆள் இருந்தாலே போதும், மிச்சத்தை சமாளிச்சுக்கலாம்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஒரு நோட்டுல எழுதுங்க. விலாவாரியா வேண்டாம், எப்போ கத்தினாங்க, எப்போ நாம கத்தினோம், எத்தனை மணிக்கு எழுந்து நடந்தாங்க, குளிக்க எவ்வளவு நேரம் ஆச்சு, இவ்வளவுதான். ஏழு நாள் எழுதினதைப் புரட்டினா உங்களுக்கே புரிஞ்சுடும். நிறைய பேருக்கு சாயங்கால நேரம்தான் மோசமா இருக்கும், வெளிச்சம் மங்க ஆரம்பிச்சதும் ஒரு பதட்டம் வந்து, நான் வீட்டுக்குப் போகணும், எங்கம்மா தேடுவாங்கன்னு கிளம்பிடுவாங்க, எங்க அத்தை ஒரு கட்டப்பையில ரெண்டு புடவையையும் சாமி படத்தையும் எடுத்து வச்சுக்கிட்டு வாசல்ல போய் நின்னுடுவாங்க. அதே நேரத்துலதான் பசங்க ஸ்கூல்ல இருந்து வருவாங்க, ராத்திரி சமையல் ஆரம்பிக்கணும். சில வீட்ல ராத்திரி தூக்கம்தான் பிரச்னை, சில வீட்ல குளிப்பாட்டுறது. உங்க வீட்டுப் பிரச்னை எதுவோ அதுக்குத்தான் ஆள் தேடணும், பக்கத்து வீட்ல நைட் டூட்டிக்கு ஆள் போட்டாங்கன்னு நாமளும் நைட் டூட்டிக்குப் போட்டா காசுதான் போகும்.

ஆள் தேடறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒருதடவை முழுசா காட்டிடுங்க, ஏன்னா டிமென்ஷியாங்கறது மெதுவா இறங்கற நோய். நேத்து வரைக்கும் தட்டுல போட்டதை எடுத்துச் சாப்பிட்டவங்க இன்னிக்கு திடீர்னு ஆள் அடையாளம் தெரியாம உளறினாங்கன்னா அது நோய் முத்தினதா இருக்காது, பெரும்பாலும் யூரின் இன்ஃபெக்‌ஷன், நாலு நாளா மோஷன் போகாதது, உடம்புல தண்ணி வத்தினது, புதுசா ஆரம்பிச்ச ஏதாவது மாத்திரை, இல்லேன்னா எப்பவோ விழுந்ததுல தலைக்குள்ள மெல்ல ரத்தம் கட்டினது, இப்படி ஏதாவது ஒண்ணா இருக்கும். பி12 குறைபாடு, தைராய்டு, மனச்சோர்வு இதெல்லாமும் மறதியைக் கூட்டும், பிளட் டெஸ்ட்லயும் பேச்சுலயும் கண்டுபிடிச்சு சரி பண்ணக்கூடியது. இதை விட்டுட்டு ஆள் மாத்தி ஆள் போட்டாலும் யாராலயும் சமாளிக்க முடியாது.

எங்க காட்டுறதுன்னா, அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள்ல நரம்பியல் ஓ.பி.யும் மனநல ஓ.பி.யும் இருக்கும், ரெண்டுல எதுலயும் காட்டலாம், மனநல டாக்டர்னதும் பயப்படாதீங்க, கோவம், சந்தேகம், தூக்கமின்மை இதுக்கெல்லாம் அவங்கதான் நல்லா வழி சொல்லுவாங்க. மாவட்ட மனநலத் திட்டத்துல தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் குறிப்பிட்ட நாள்ல டாக்டர் வருவாங்க, எந்த நாள்னு ஆஸ்பத்திரியில கேட்டுக்கோங்க. சென்னையில அரசு பொது மருத்துவமனையில 1978-லயே முதியோருக்குன்னு தனிப் பிரிவு ஆரம்பிச்சுட்டாங்க, இப்போ கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்துல 200 படுக்கையோட தேசிய முதியோர் நல மருத்துவமனையும் 2024-ல திறந்தாச்சு. அண்ணா நகர்ல இருக்கற ஸ்கார்ஃப்ங்கற மனநல அமைப்புல டெம்கேர்ஸ்னு முதியோர் மனநலத்துக்குன்னு தனிப் பிரிவு இருக்கு. 1992-ல கேரளாவுல ஆரம்பிச்ச ஏ.ஆர்.டி.எஸ்.ஐ.ங்கற அல்சைமர் (டிமென்ஷியாவுல ஒரு வகை) சங்கத்துக்கு சென்னையிலயும் கிளை இருக்கு, இந்த மாதிரி அமைப்புகள்ல மாத்திரையைத் தாண்டி பாத்துக்கறவங்களுக்கும் ஆலோசனை கிடைக்கும், நம்மள மாதிரி குடும்பங்களோட பேசவும் வாய்ப்பு கிடைக்கும், அது எவ்வளவு பெரிய ஆறுதல்னு ஒருதடவை போய் உக்காந்தாத்தான் தெரியும்.

போன்ல கேக்கணும்னா அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. இது நோயாளிக்கு மட்டும்னு நினைக்காதீங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு பாத்ரூம் வாசல்ல உக்காந்து அழறோமே, நமக்கும்தான். முதியோர் உதவிக்குன்னு 14567 இருக்கு, காலையில 8-ல இருந்து ராத்திரி 8 வரைக்கும், பென்ஷன் பிரச்னை, சட்ட விஷயம், பெரியவங்களைக் கொடுமைப்படுத்தறது, முதியோர் இல்ல விவரம் எல்லாத்துக்கும் வழி சொல்லுவாங்க. அப்புறம் 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை மறந்துடாதீங்க, பிபி சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும், படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு வலி தணிப்பு நர்ஸும் பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கு வருவாங்க. உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல போய் பேரைப் பதிஞ்சு வச்சுடுங்க, அவங்களா தேடிக்கிட்டு வருவாங்கன்னு உக்காந்திருக்கக் கூடாது.

காசு குடுத்து வைக்கிற ஆளுக்கு முன்னாடி சொந்தக்காரங்க. இதுல நாம கேக்கற விதத்துலதான் எல்லாம் இருக்கு. நீங்களும் கொஞ்சம் பாத்துக்கலாமேன்னு பொதுவா கேட்டா கண்டிப்பா, சொல்லுங்க, வர்றோம்னு பொதுவாத்தான் பதில் வரும், யாரும் வரமாட்டாங்க. வேலையைப் பேர் சொல்லிக் கேளுங்க. நாத்தனார்கிட்ட மாசத்துல ரெண்டாவது சனிக்கிழமை காலையில வந்து ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போங்கன்னு கேக்கணும். வெளிநாட்டுல இருக்கற கொழுந்தனார் வந்து பாத்துக்க முடியாது, ஆனா மாத்திரை ஆர்டர் போடறது, ஏஜென்சியோட பேசறது, பணம் அனுப்பறது, சாயங்காலம் அஞ்சரைக்கு வீடியோ கால்ல வந்து அம்மாகிட்ட அரை மணி நேரம் பழைய கதை பேசறது, இது அத்தனையும் அவரால முடியும். அந்த அரை மணி நேரத்துல நாம சாதம் வடிச்சு குழம்பு வச்சுடலாம். பணமாக் குடுக்கறவங்ககிட்ட அப்பப்போ கேக்காம மாசத்துக்கு இவ்வளவுன்னு எழுதிப் பேசிக்கோங்க, பேசாம விட்டா பின்னாடி மனஸ்தாபம் வரும்.

இப்போ ஆள் தேடற விஷயம். தெரிஞ்ச வட்டத்துலேர்ந்து கிடைச்சா நல்லது, வீட்டு வேலைக்கு வர்ற அக்காவோட தங்கச்சி, கோயில்ல பழக்கமானவங்க, இதுக்கு முன்னாடி வேற ஒரு பாட்டியைப் பாத்துக்கிட்டவங்க. சாயங்காலம் மூணு மணி நேரத்துக்குத் துணையா இருக்க நர்சிங் படிச்சிருக்கணும்னு அவசியமில்ல, பொறுமையும் பேச்சும் போதும். ஊசி, டியூப், புண்ணுக்குக் கட்டு இதெல்லாம் வர்றப்போதான் படிச்ச ஆள் வேணும். ஏஜென்சின்னா சில கேள்விகளைக் கேட்டே ஆகணும். அட்வான்ஸ் எவ்வளவு, ஆள் பிடிக்கலேன்னா அது திரும்ப வருமா, ஒருத்தர் லீவு போட்டா எத்தனை மணி நேரத்துல மாத்து ஆள் அனுப்புவீங்க, நாம குடுக்கற சம்பளத்துல அந்த ஆள் கைக்கு எவ்வளவு போகுது, இதுக்கு முன்னாடி டிமென்ஷியா உள்ளவங்களைப் பாத்திருக்காங்களா. கடைசிக் கேள்வியை ஏஜென்சிகிட்ட கேட்டா எல்லாம் தெரியும் மேடம்னுதான் சொல்லுவாங்க, அதனால வர்ற ஆள்கிட்டயே நேரா கேளுங்க: அந்தப் பாட்டி குளிக்க மாட்டேன்னு அடம் பிடிச்சா என்ன பண்ணுவீங்க? கையைப் பிடிச்சு இழுத்துக் குளிப்பாட்டிடுவேன்னு சொன்னா வேண்டாம். கொஞ்ச நேரம் விட்டுட்டு வேற பேச்சு பேசி மறுபடி கூப்பிடுவேன்னு சொல்றவங்களை விட்டுடாதீங்க, சம்பளம் ஆயிரம் கூடன்னாலும் பரவாயில்ல.

ஆதார் காப்பி, ஊர் விலாசம், வீட்டாளுங்க ரெண்டு பேரோட நம்பர் வாங்கி வச்சுக்கோங்க. தமிழ்நாடு காவல்துறை இணையதளத்துல போலீஸ் வெரிஃபிகேஷன் கேக்கற வசதி இருக்கு, வீட்டு வேலையாளுக்குன்னு தனியாவே இருக்கு, ஏஜென்சி பண்ணிட்டோம்னு சொன்னாலும் அந்தப் பேப்பரைக் காட்டச் சொல்லுங்க.

ஆள் வர்றதுக்கு முந்தின நாளே நகையை எல்லாம் பேங்க் லாக்கருக்குக் கொண்டுபோயிடுங்க. அந்தப் பொண்ணைச் சந்தேகப்பட்டு சொல்லல, அவளோட பாதுகாப்புக்காகத்தான் சொல்றேன். டிமென்ஷியாவுல பொருளை எங்கயோ வச்சுட்டு திருடு போச்சுன்னு சொல்றது ரொம்ப சகஜம், இத்தனை நாள் நம்மளைச் சொன்னவங்க இனிமே புதுசா வந்தவளைச் சொல்லுவாங்க. எங்க அத்தை வளையலைக் கழட்டி அரிசி டின்னுக்குள்ள போட்டு வச்சுட்டு அவங்களைப் பாத்துக்க வந்த மணப்பாறைக்காரப் பொண்ணைப் பாத்து என் வளையலைக் குடுடின்னு கத்த ஆரம்பிச்சாங்க, அந்தப் பொண்ணு முகமே செத்துப் போச்சு. நல்லவேளையா முதல் நாளே அவகிட்ட சொல்லி வச்சிருந்தேன், உன்னைத் திருடின்னு சொல்லுவாங்க, அது நோய் பேசறது, எங்க வீட்ல யாரும் உன்னை அப்படி நினைக்கமாட்டோம்னு. இந்த வார்த்தையை முன்னாடியே சொல்லாத வீடுகள்ல ஆள் ஒரே வாரத்துல பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போயிடுது. லாக்கர்ல வச்சதுக்குப் பதிலா கவரிங் வளையல் போட்டு விடுங்க, வெறும் கையா இருந்தா அதுக்கும் பதட்டப்படுவாங்க. ஏடிஎம் கார்டு, பின் நம்பர், பத்திரம், செக் புக் இதெல்லாம் யார் கண்லயும் படற இடத்துல இருக்கக் கூடாது. ஹால்ல கேமரா வச்சா வச்சிருக்கோம்னு அந்த ஆள்கிட்ட சொல்லிட்டு வைங்க, குளிக்கற இடத்துலயும் டிரஸ் மாத்தற இடத்துலயும் வைக்கவே கூடாது.

புது ஆளை எப்படி அறிமுகப்படுத்தறது? உங்களைப் பாத்துக்க வந்திருக்காங்கம்மான்னு சொன்னீங்கன்னா முடிஞ்சுது, எனக்கு என்ன கேடு, நான் நல்லாத்தான் இருக்கேன், அவளை முதல்ல போகச் சொல்லுன்னுதான் வரும். எனக்கு ஒத்தாசைக்கு வந்திருக்கா, நம்ம ஊர்ப் பக்கம்தான்னு சொல்லுங்க, ஊர் பேரு கேட்டதும் பாதி உறவு வந்துடும். முதல் நாலஞ்சு நாள் குளிப்பாட்டுறது, உடுப்பு மாத்தறது எதுவும் அவங்க கையில விடாதீங்க, சும்மா பக்கத்துல உக்காந்து ஏதாவது வேலை செய்யட்டும். எங்க வீட்ல முருங்கைக்கீரைதான் வேலை செஞ்சுது, ஒரு முறத்துல கீரையைக் குடுத்து ரெண்டு பேரையும் எதிரெதிரா உக்கார வச்சேன், அத்தைக்கு என் பேரு மறந்தாலும் கீரை உருவறது மறக்கல, காம்பை ஒரு கையில பிடிச்சு இன்னொரு கையால சர்ருன்னு இழுப்பாங்க, அந்தப் பொண்ணு வேணும்னே மெதுவா உருவ, இப்படி இல்லடி இப்படின்னு சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. அன்னிலேர்ந்து அவ வேத்தாள் இல்ல. உங்க வீட்ல பூ கட்டுறதா இருக்கலாம், பழைய துணி மடிக்கறதா இருக்கலாம், அப்பாவா இருந்தா பேப்பர் வாசிச்சுக் காட்டுறது, தாயம் உருட்டுறது, கை பழகின வேலை எதுன்னு யோசிச்சுப் பாருங்க.

அடுத்தது ஒரு பேப்பர். மாத்திரை அட்டவணை மட்டும் எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டிட்டு ஒப்படைச்சாச்சுன்னு நினைக்கறோம், அது போதாது, ஆளைப் பத்தி எழுதணும். என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாப்பாங்க, சின்ன வயசுல எந்த ஊரு, என்ன வேலை பாத்தாங்க, இறந்து போன யாரைக் கேப்பாங்க, கேட்டா என்ன சொல்லணும், எந்தப் பேச்சை எடுத்தா அழுவாங்க. பாத்ரூம் வர்றதை எப்படிக் காட்டுவாங்கன்னு கண்டிப்பா எழுதுங்க, எங்க அத்தை வாயால சொல்லமாட்டாங்க, முந்தானையைத் திருகிக்கிட்டே எழுந்து எழுந்து உக்காருவாங்க, அது தெரியாத ஆள் சும்மா உக்காருங்கம்மான்னு அதட்டி உக்கார வச்சா அங்கயே போயிடும், அப்புறம் ரெண்டு பேருக்கும் கஷ்டம். தண்ணி குடிச்சா புரையேறுமா, எந்தப் பக்கம் பல்லு வலி, எந்தக் காது கேக்காது, இதெல்லாம் ரெண்டு பக்கத்துக்குள்ள. ஆள் மாறினாலும் இந்தப் பேப்பர் மாறாது, அடுத்த ஆள் ஒரே நாள்ல பாதி தெரிஞ்சுக்குவாங்க.

குளியலைப் பத்தித் தனியா சொல்லணும், ஏன்னா நிறைய சண்டை அங்கதான். நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு வாழ்நாள்ல யார் முன்னாடியும் உடுப்பு இல்லாம நின்னு பழக்கம் கிடையாது, முன்ன பின்ன தெரியாத ஒருத்தி வந்து துணியைக் கழட்டினா அடிக்கத்தான் செய்வாங்க, அதுக்கு நோய் மட்டும் காரணம் இல்ல, மானம். அதனால பாவாடையை நெஞ்சுக்கு மேல ஏத்திக் கட்டி அப்படியே குளிப்பாட்டச் சொல்லுங்க, ஆத்துலயும் கிணத்தடியிலயும் குளிச்ச பழக்கம் அதுதான், உடனே அமைதியாகிடுவாங்க. ஆம்பளைங்களுக்கு இடுப்புல துண்டு. ஷவர் வேண்டாம், மேலேர்ந்து தண்ணி கொட்டினா பயந்துடுவாங்க, பிளாஸ்டிக் சேர்ல உக்கார வச்சு மக்குல வெதுவெதுப்பான தண்ணியை முதல்ல பாதத்துல ஊத்தி, அப்புறம் முட்டி, அப்புறம் கை, கடைசியாத்தான் தலை. இன்னிக்கு வெள்ளிக்கிழமை, எண்ணெய் வைக்கணும்னு சொன்னா சிலர் தானா எழுந்து வருவாங்க, எல்லா நாளையும் வெள்ளிக்கிழமை ஆக்கினாலும் தப்பில்ல. முடியாத நாள்ல ஈரத்துணியால துடைச்சு விட்டாப் போதும், தினமும் தலைக்குக் குளிக்கலேன்னா ஒண்ணும் ஆகாது.

வந்த ஆளை நாம எப்படி வச்சுக்கறோங்கறதும் இதுல பாதி. 24 மணி நேர ஆள்னா 24 மணி நேரமும் முழிச்சிருக்க முடியாது, ராத்திரி நாலு தடவை எழுந்தவங்களுக்கு பகல்ல ரெண்டு மணி நேரமாவது தூங்க விடணும், படுக்க ஒழுங்கான இடம், நாம சாப்பிடற சாப்பாடு, வாரத்துல ஒரு நாள் லீவு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவங்களுக்கும் வீடு இருக்கு, ஊருக்குப் போகத்தான் செய்வாங்க, அந்த நாளுக்கு யாருன்னு ஒரு மாசம் முன்னாடியே சொந்தத்துல பேசி வச்சுடுங்க. நோயாளியைப் பாக்க வந்த ஆளை பாத்திரம் கழுவவும் வீடு துடைக்கவும் விட்டா கவனம் போயிடும், இதை நான் கண்டிப்பாச் சொல்வேன், அதுக்கு வேற ஆள் பாருங்க.

அதே சமயம் கண்ணை மூடிக்கிட்டு விட்டுடவும் கூடாது. கையில கால்ல காரணம் தெரியாத கன்னிப்போன தடம், பகல் முழுக்க அளவுக்கு மீறின தூக்கம், அந்த ஆள் கிட்ட வந்தா உடம்பைச் சுருக்கிக்கறது, திடீர்னு எடை குறையறது, இதெல்லாம் பாத்தா தள்ளிப்போடாம கேக்கணும், தேவைப்பட்டா அன்னிக்கே ஆளை மாத்தணும். அப்பப்போ சொல்லாம கொள்ளாம சீக்கிரம் வீட்டுக்கு வாங்க. தூக்க மாத்திரையோ சாந்தமாக்கற மாத்திரையோ டாக்டர் எழுதினதைத் தவிர யாரும் குடுக்கக் கூடாது, டிமென்ஷியா உள்ள வயசானவங்களுக்கு சில மனநோய் மாத்திரைகள் பக்கவாதத்துக்கும் உயிருக்கும் ஆபத்தைக் கூட்டும், அதனால டாக்டரே ரொம்ப யோசிச்சு குறைஞ்ச அளவுல குறைஞ்ச நாளைக்குத்தான் குடுப்பாங்க.

தெருவையும் சேத்துக்கோங்க, இது காசில்லாத உதவி. நோயை மறைச்சு வைக்கறதால ஒரு நன்மையும் கிடையாது. வாட்ச்மேன், பெட்டிக்கடை அண்ணன், ஆட்டோ ஸ்டாண்டு, பால்காரர், இஸ்திரி போடறவர் எல்லார்கிட்டயும் அவங்க போட்டோவைக் காட்டி, இவங்களுக்கு மறதி நோய், தனியா நடந்து போறதைப் பாத்தா பேச்சு குடுத்து உக்கார வச்சு எனக்கு போன் பண்ணுங்கன்னு சொல்லி வைங்க. ஜாக்கெட்டு உள்பக்கமோ சட்டைப் பாக்கெட்டு உள்பக்கமோ போன் நம்பரை அழியாத மையில எழுதிடுங்க, கையில ஒரு வளையமும் போடலாம். காணாமப் போயிட்டா நாமளே தேடிக்கலாம்னு மணிக்கணக்கா சுத்தாம உடனே போலீஸ்ல சொல்லணும், அன்னிக்குப் போட்டிருந்த டிரஸ் தெரியறதுக்காக தினமும் காலையில ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கற குடும்பமும் இருக்கு, நல்ல பழக்கம். வீட்டுக்குள்ளயும் ஒண்ணு, ராத்திரி அவங்க எழுந்து அடுப்பைத் திறந்துடாம சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிடுங்க.

பணம், கையெழுத்து விஷயமும் வெளி உதவிதான், இதை நோயோட ஆரம்பத்துலயே பண்ணியாகணும். நிறைய பேர் அப்பா ஒரு பவர் (அவர் சார்பா நாம கையெழுத்துப் போடற அதிகாரப் பத்திரம்) எழுதிக் குடுத்துட்டார், அது போதும்னு இருக்காங்க. போதாது, நம்ம நாட்டுச் சட்டப்படி எழுதிக் குடுத்தவருக்கு சுயமா முடிவெடுக்கற நிலை போயிடுச்சுன்னா அந்தப் பவரும் செல்லாமப் போயிடும். அதுக்கப்புறம் ஒரு வீட்டை விக்கணும்னாலும் டெபாசிட்டை எடுக்கணும்னாலும் ஹைகோர்ட்டுல மனு போட்டு கார்டியனா ஆர்டர் வாங்கற நிலைமை வரும். அதனால அவங்களுக்குப் புரியற காலத்துலயே அவங்க விருப்பத்தோட பேங்க் அக்கவுண்ட்டை ஜாயிண்ட்டா, ரெண்டு பேர்ல யார் வேணா எடுக்கலாம்ங்கற மாதிரி மாத்திடுங்க, நாமினி சரியா இருக்கான்னு பாருங்க, உயில் எழுதற விருப்பம் இருந்தா வக்கீலை வச்சு எழுதி, தெளிவாத்தான் இருக்காங்கன்னு டாக்டர் சர்டிஃபிகேட்டும் அன்னிக்கே வாங்கிடுங்க. பென்ஷனுக்கு வருஷா வருஷம் உயிர்ச்சான்று குடுக்க அவங்களை இழுத்துக்கிட்டு அலைய வேண்டாம், இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் பேங்க் மூலமா தபால்காரரே வீட்டுக்கு வந்து ஜீவன் பிரமாண் எடுத்துக் குடுப்பார், 70 ரூபாய்தான். 70 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு வீட்டுக்கே வந்து பேங்க் சேவை குடுக்கணும்னு ரிசர்வ் பேங்கும் 2017-லயே பேங்குகளுக்குச் சொல்லியிருக்கு, உங்க பிராஞ்ச்ல கேளுங்க.

டே கேர், தங்கற இல்லம் ரெண்டையும் நேர்ல போய்ப் பாக்காம முடிவு பண்ணாதீங்க. முதல்ல அவங்க டிமென்ஷியா உள்ளவங்களை எடுத்துப்பாங்களா, இல்ல நடக்க முடிஞ்ச முதியவங்களை மட்டுமான்னு கேளுங்க, சேத்துட்டு நாலு மாசம் கழிச்சு கூட்டிட்டுப் போங்கன்னா அந்த அலைச்சலை அவங்களால தாங்க முடியாது. ஒருதடவை சொல்லிட்டுப் போங்க, இன்னொருதடவை சாயங்காலம் ஆறு மணி வாக்குல சொல்லாமப் போங்க. மூத்திர வாடை அடிக்குதா, யாரையாவது கட்டில்லயோ சேர்லயோ கட்டி வச்சிருக்காங்களா, சாப்பாடு ஊட்டறவங்க வாயில திணிக்கறாங்களா இல்ல முழுங்கற வரைக்கும் காத்திருக்காங்களா, இதைப் பாத்தாலே பாதி தெரிஞ்சுடும். ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஸ்டாஃப், உடம்பு முடியலேன்னா எந்த ஆஸ்பத்திரி, பதிவுச் சான்றிதழ் இருக்கா, நாம எந்த நேரமும் வந்து பாக்கலாமா, வீட்டுப் போர்வை சாமி படம் கொண்டு வரலாமா. எந்த நேரமும் வந்து பாக்கக்கூடாதுன்னு சொல்ற இடத்துல சேக்காதீங்க. ஒரு பத்து நாளைக்கு மட்டும் சேத்துக்கற இடம் கிடைச்சா நமக்கு ஆபரேஷன், பிள்ளை கல்யாணம்னு வர்ற நேரத்துல பெரிய உதவி.

பெத்தவளைப் பாத்துக்க ஆள் வச்சிருக்காங்கன்னு நாலு பேர் பேசுவாங்க, பேசட்டும். 2023-ல வெளிவந்த ஒரு ஆய்வுப்படி இந்தியாவுல 60 வயசுக்கு மேல இருக்கறவங்கள்ல 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது கிட்டத்தட்ட 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கு, அத்தனை வீட்லயும் ஒருத்தர் தூக்கம் கெட்டு முதுகு ஒடிஞ்சு உக்காந்திருக்காங்க. உங்க பிபியைப் பாருங்க, உங்க சுகரைப் பாருங்க, ஆள் இருக்கற அந்த மூணு மணி நேரத்துல அலமாரி சுத்தம் பண்ணாதீங்க, படுத்துத் தூங்குங்க, இல்லேன்னா வெளிய போங்க, சிநேகிதியைப் பாருங்க. பெரியவங்க மேல கை ஓங்கற அளவுக்குக் கோவம் வருதுன்னா ஆள் வைக்க வேண்டிய நேரம் வந்து ரொம்ப நாளாச்சுன்னு அர்த்தம், அன்னிக்கே 14416-க்கு போன் பண்ணுங்க.

நோய் மாற மாற உதவியும் மாறும், அதனால மூணு நாலு மாசத்துக்கு ஒருதடவை அந்த நோட்டை மறுபடி ஒரு வாரம் எழுதிப் பாருங்க. நடந்து திரிஞ்சவங்க படுக்கையாயிட்டா சாயங்காலத் துணை தேவைப்படாது, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை திருப்பிப் படுக்க வைக்க, படுக்கைப்புண் வராம பாக்க, நிமிர்த்தி உக்கார வச்சு ஊட்டத் தெரிஞ்ச ஆள் வேணும், ஏர் பெட், வீல் சேர், கட்டில் எல்லாம் சர்ஜிக்கல் கடைகள்ல வாடகைக்கே கிடைக்கும், வாங்கிப் போட வேண்டாம். அந்த நேரத்துல மூக்குல டியூப் போடறதா, ஐசியூ வரைக்கும் போறதா வேண்டாமாங்கற பேச்சை டாக்டரோட, கூடப்பிறந்தவங்க எல்லாரையும் வச்சு முன்னாடியே பேசிடுங்க, பேசினதை அந்த ரெண்டு பக்கப் பேப்பருக்குப் பின்னாடி எழுதி வைங்க, ஆபத்து நேரத்துல 108-ஐக் கூப்பிடறப்போ வீட்ல யார் இருந்தாலும் அவங்க கையில அது இருக்கணும்.